இணைச்சீருக்கு வந்த அக்கா

கல்யாணத்துக்குப் போவதா வேண்டாமா என்று பத்து நாளாக இந்துமதி மண்டையை உடைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை நித்தீஷ் அவளுடைய சித்தப்பா மகன். கூடப் பிறந்தவள் இல்லாத பையன். முகூர்த்தத்துக்கு முன்னால் மாப்பிள்ளைக்கு உடன்பிறந்தவள் செய்யும் இணைச்சீர் சடங்கில் அக்கா ஸ்தானத்தில் நிற்க, இவளை விட்டால் ஆளில்லை.

வினை, சித்தப்பா ஈஸ்வரமூர்த்தியின் வீரபாண்டி பனியன் கம்பெனியில் இருந்தது. அது பங்குச் சந்தைக்கு வந்தபோது, மும்பையில் கம்பெனி வக்கீலாக இருந்த இந்துமதிதான் பத்திரங்களை எழுதிக் கொடுத்தாள். நம்ம புள்ள எழுதுனது என்று குண்டடம், பொங்கலூர் வரை சொந்தபந்தம் மொத்தமும் பங்கு வாங்கியது. எழுதியதைப் படித்தவர் ஒருவருமில்லை. பிறகு அவள் வக்கீல் தொழிலை விட்டு, சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பில் அதிகாரியானாள். நல்ல வரும்படியைக் காலால் உதைத்த பைத்தியம் என்று அதே சொந்தபந்தம் சிரித்தது.

போன மாதம் அவள் மேசைக்கு ஒரு புகார் வந்தது. அனுப்பாத சரக்கை ஏற்றுமதி செய்ததாகச் சித்தப்பா கம்பெனி காட்டியிருக்கிறது. முதல் பக்கத்தைப் படித்ததுமே மூடி, உறவைச் சொல்லி எழுதிக் கொடுத்து, கோப்பை வேறு அதிகாரிக்கு மாற்றிவிட்டாள். விசாரணை முடியும்வரை வெளியே மூச்சுவிடக் கூடாது.

அங்கேதான் சிக்கல். விசாரணையில் இருப்பவர் வீட்டு விசேஷத்துக்குப் போவது முறையில்லை. ஆனால் இணைச்சீருக்கு அக்கா வரவில்லை என்றால் திருப்பூர்க்காரர்கள் அரை நாளில் காரணத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள். விவரமானவன் பங்கை விற்றுத் தப்பிப்பான், மற்றவன் மாட்டிக்கொள்வான். வாயே திறக்காமல் ரகசியத்தை உடைத்ததாகிவிடும். மேலதிகாரியும், போய் வாருங்கள், கம்பெனிப் பேச்சு மட்டும் வேண்டாம் என்றார். போனாள்.

மண்டபத்தில் யார் எதைக் கேட்டாலும் சிரித்து மழுப்பினாள். பட்டுச்சேலை கட்டி, சீர்க்கூடையோடு மேடைக்குக் கிளம்பியபோது குண்டடத்து அத்தை தெய்வாத்தாள் வழிமறித்தாள். புருஷன் போன பிறகு தோட்டத்தில் பாதியை விற்று அந்தப் பங்கில் போட்டவள்.

"கண்ணு, கம்பெனில ஏதோ கோளாறுன்னு காதுல உழுந்துச்சு. எல்லாத்தையும் வித்துப்போடச் சொல்லி எம்பையங்கிட்டச் சொல்லியிருந்தேன்."

கூடையைப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு இந்துமதி மெதுவாகச் சொன்னாள்: "அதைப் பத்தி நான் ஒண்ணும் பேசக் கூடாதுங்க அத்தை."

"நீ பேசவே வேண்டாஞ் சாமி. கம்பெனி கெட்டிருந்தா நீ இந்தச் சீருக்கு வந்து நிப்பயா? உன்னைப் பாத்ததுமே போனைப் போட்டு, விக்க வேண்டாம்னு சொல்லிப்போட்டேன்."

விற்றுவிடுங்கள் என்ற சொல் இந்துமதியின் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொல்ல அவளுக்கு உரிமையில்லை. அத்தையின் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷ உத்தியோகத்தில் இப்படிக் கூசிப்போய் நின்றதில்லை.

மேடையிலிருந்து அக்காவைக் கூப்பிட்டார்கள். தெய்வாத்தாள் அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். "போ கண்ணு, தம்பி காத்திருக்கறான்" என்று கூடையை எடுத்துக் கையில் கொடுத்தாள். இந்துமதி அதை வாங்கிக்கொண்டு மேடையேறினாள்.