சிறுநீர்ப்பை நிரம்பியபின் வரவும்

1

இந்தக் கதை திண்டிவனம் பேருந்து நிலையத்தில், கட்டணக் கழிப்பறை வாசலில் பிறந்தது. மற்ற எழுத்தாளர்களுக்குக் கதைகள் கடற்கரையில் கிடைக்கின்றன. எனக்கு இங்கேதான் வாய்த்தது. வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது தங்கை மகள் தேவயானி போன் செய்தாள். விழுப்புரத்தில் மருந்தியல் ஆராய்ச்சி செய்கிறவள்.

"பேஜாரா இருக்கு மாமா. தண்ணி குடிச்சிட்டு அடக்கிக்கினு வாங்கன்னு அத்தன தடவ சொல்றேன். எல்லாரும் பஸ் ஸ்டாண்டுலயே முடிச்சிட்டு வர்றாங்க. மெஷின்ல நாலு சொட்டு விழுது."

(அவள் ஆராய்ச்சி இதுதான்: சளிக்கு மருந்துக்கடையில் நாமாகவே வாங்கி விழுங்கும் சில மாத்திரைகள், புராஸ்டேட் வீங்கிய ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கழுத்தை இறுக்கிவிடும். எந்த மருந்து அதைத் தளர்த்தும் என்று பார்க்கிறாள். பரிசோதனைக்கு வருகிறவர் ஒரு புனலில் சிறுநீர் கழிக்க வேண்டும். இயந்திரம் வேகத்தை அளக்கும். காலிப் பையை எந்த இயந்திரம் அளக்கும்?)

2

முதல் தொடக்கம்: "விழுப்புரத்தை அடுத்த காணையில் கரும்பு வெட்டு முடிந்திருந்தது." வேண்டாம். கரும்பு என்றதும் வாசகர் சர்க்கரை நோய்க்குப் போய்விடுவார்.

இரண்டாம் தொடக்கம்: "தேவயானி புனலைக் கழுவி வைத்துவிட்டு, வாசலில் காத்திருந்த

[எழுந்து போக வேண்டியிருந்தது. திரும்பி வருவதற்குள் வாக்கியம் ஆறிவிட்டது.]

சரி, நேராகவே சொல்கிறேன். தெய்வசிகாமணி, அறுபதைத் தாண்டிய விவசாயி, காணையிலிருந்து பரிசோதனைக்கு வருகிறார். சலவை வேட்டி, நெற்றியில் விபூதி. பெண் பார்க்க வருகிறவர்போல வந்து நின்றால் நான் என்ன செய்வது?

"ஏங்கய்யா போய்ட்டு வந்தீங்க?" என்கிறாள் தேவயானி.

"படிச்ச பொம்பளப் புள்ள எதிர்ல அவசரத்தோட வந்து நிக்கிறது மரியாதைங்களா மேடம்? அதான் முடிச்சிக்கினு வந்துட்டேன்."

"வேற தொந்தரவு எதனா இருக்கா? நின்னு நின்னு வருதா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. கொல்லையில மல்லாட்டைப் பயிருக்குத்தான் இந்த வருஷம் தண்ணி பத்தல."

பொய். நின்று நின்றுதான் வருகிறது. நான் படைத்த ஆள், எனக்குத் தெரியாதா? இப்படி ஒரு அழுத்தக்காரரை வைத்துக்கொண்டு எவனால் கதை எழுத முடியும்!

3

முடிவு அ: அவர் உண்மையைச் சொல்கிறார், பிழைக்கிறார். நடக்காது. எத்தனையோ வரைவுகளில் கெஞ்சிப் பார்த்துவிட்டேன், வாயைத் திறப்பதில்லை.

முடிவு ஆ: அவருக்குச் சளி பிடிக்கிறது. மயிலம் கோயிலுக்குப் போன இடத்தில் ஒரு மாத்திரை வாங்கிப் போடுகிறார். சிறுநீர் அடைத்துக்கொள்கிறது. சிறுநீரகம்

[எழுந்தேன். போய் நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன். இந்த முடிவை எழுதப் பயமாக இருக்கிறது.]

அதுவரை எழுதியதைத் தேவயானிக்கு அனுப்பினேன். பாராட்டுவாள் என்று நினைத்தேன்.

"தெய்வசிகாமணிய உடுங்க மாமா. அந்த பிராக்கெட்டுக்குள்ள எழுந்து எழுந்து போறது யாரு?"

"அது ஒரு உத்திம்மா."

"உத்திக்கெல்லாம் பாத்ரூம் வராது மாமா. நாளைக்குத் தண்ணி குடிச்சிட்டு வாங்க. அடைச்சிக்கினா கிட்னி போய்டும், வெளையாடாதீங்க."

போனை வைத்துவிட்டாள்.

4

குடித்தேன். திண்டிவனம் கழிப்பறைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் பஸ் ஏறினேன். விழுப்புரம்வரை ஒவ்வொரு வேகத்தடைக்கும் ஓட்டுநரைச் சபித்தேன். இப்போது அவள் அறை வாசலில், பெஞ்சில் உட்கார்ந்து இதைக் கைப்பேசியில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தெய்வசிகாமணியைத் திட்டியதையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அவருக்காவது அவள் யாரோ ஒரு மேடம். நான் அவளுக்கு மூக்குத் துடைத்துவிட்டவன். அவள் முகத்தைப் பார்த்து, எனக்கு நின்று நின்று வருகிறது என்று எந்த வாயால் சொல்வேன்? வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

வலப்பக்கம் கழிப்பறை. இரண்டு எட்டு வைத்தால் போதும், மரியாதை தப்பிக்கும். இடப்பக்கம் அவள் கதவு. அது திறக்கிறது.

"உள்ள வாங்க மாமா."

எழுந்து நிற்கிறேன். இதற்குமேல் என்னால் எழுத முடியாது. எந்தப் பக்கம் என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நடை, நயம் எதுவும் வேண்டாம். சீக்கிரம் எழுதுங்கள், அடக்க முடியவில்லை.