ஜன்னல் பக்கக் கன்னம்

என் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பழகுபவருக்குப் பக்கத்து சீட்டில், ஜன்னலோரம், நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை. அந்தப் பக்கக் கன்னத்தில் வந்த ஒரு புற்றுப் புள்ளியைப் போன வருடம் டாக்டர் வெட்டி எடுத்தார். "வெயில் படாம பாத்துக்கங்க, திரும்ப வந்தா இவ்வளவு சுலபமா முடியாது" என்றார். அன்றிலிருந்து வெயில் என்றாலே எனக்குப் பயம்.

வெயிலுக்குப் பூசும் மற்ற கிரீம்கள் எல்லாம் அவள் கண்ணை எரித்தன. கடைசியில் இயற்கைத் தாதுவில் செய்த சன்ஸ்கிரீன் ஒன்றுதான் ஒத்துக்கொண்டது. டியூபில் என்னவோ பச்சை இலைப் படம். உள்ளே இருப்பது சுவருக்கு வைக்கும் வெள்ளைப் பட்டி. தேய்த்தால் பரவாது, பரவினால் திட்டுத்திட்டாக நிற்கும், வேர்த்தால் கோடு கோடாக வழியும். காலரில் பட்டுவிட்டால் என் சோப்பும் நானும் தோற்றோம். அவளோ நல்ல மினுமினுக்கும் கறுப்பு.

"பேயறைஞ்ச மாதிரி இருக்கேங்க" என்று தினமும் புலம்புவாள். இதில் சிக்கனம் வேறு. வெயில் படும் பக்கத்துக்கு மட்டும் பூசுவாள். பாதி முகம் என் மனைவி, மீதி யாரோ.

துவைப்பது என் இலாகா. ஒரு சனிக்கிழமை அவள் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தேன். விறைத்துப்போய், வெள்ளை வெளேர் என்று இருந்தது. என் கண்ணெதிரே பூசிக்கொண்டு படியிறங்குகிறவள், தெருமுனையில் துடைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போயிருக்கிறாள். வந்த கோபத்தில், அவள் கண்ணில் படட்டும் என்று அதை அலசாமலேயே கொடியில் போட்டேன்.

அவள் பார்த்தாள். "பழக வர்றவங்க கண்ணாடியப் பாக்க மாட்டேங்கறாங்க, என்னையே பாத்துச் சிரிக்கறாங்க. நேத்து ஒருத்தி சிரிச்சுக்கிட்டே குப்பைத்தொட்டிய இடிச்சுட்டா. நான் என்னதான் பண்ணட்டும்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. மென்று விழுங்கினேன். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும், எனக்கு நீ வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமல், கொடியிலிருந்த கைக்குட்டையை எடுத்து அலசப் போனேன்.

திங்கட்கிழமை என் தையல் கடையைத் திறக்கவில்லை. டியூபைப் பிதுக்கி, முகம் முழுக்க, சிக்கனம் பார்க்காமல் அப்பிக்கொண்டேன். டியூபைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பயிற்சிக் கார் கிளம்பும் நேரத்துக்குப் போய்ப் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். ஓட்டப் பழக வந்த பெண் கண்ணாடியில் என்னைப் பார்த்து வெலவெலத்துப்போனாள்.

"டீச்சர், பின்னாடி யாரோ..."

என் மனைவி திரும்பினாள். துடைத்த கன்னம்தான், தழும்பு தெரிந்தது. சிரிப்பாள் என்று நினைத்தேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பயப்படாதம்மா, என் வீட்டுக்காரர்தான். இன்னிக்காவது கண்ணாடியப் பாத்தியே, அதுவே பெரிய விஷயம்."

பிறகு என் பக்கம் கையை நீட்டினாள்.

"டியூபக் குடுங்க. ரெண்டு பக்கமும் பூசிக்கறேன்."