பத்தடி ஆழத்துச் செம்மண்

மாரிசெல்வத்துக்குக் கல் பெட்டி பளிச்சென்று இருக்க வேண்டும். பூமியைத் துளைத்து எடுக்கும் உருளைக் கற்களைக் கழுவித் துடைத்து, வந்த வரிசை மாறாமல் மரப்பெட்டியில் அடுக்குவதில் தாராவியில் அவரை அடிக்க ஆள் கிடையாது. அந்தச் சுத்தம்தான் மனிதரை வசமாக மாட்டிவிட்டது.

சீத்தா கேம்ப் குடியிருப்புக்கு மேலே, குன்றுச் சரிவில், தண்ணீர்த் தொட்டி கட்டப்போகிறார்கள். அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் துளை. பத்தடியில், இரண்டு கருங்கல் அடுக்குகளுக்கு நடுவே, ஒரு சாண் உயரத்துக்குச் சிவப்பு மண் வந்தது. அப்படி ஒரு சிவப்பு! பொங்கல் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. கோலத்தைச் சுற்றிக் கரை கட்ட இந்த மும்பையில் நல்ல செம்மண்ணுக்கு எங்கே போவது? அக்கா வீட்டு வாசலுக்கென்று மொத்தத்தையும் வழித்துப் பையில் போட்டுக்கொண்டார். பெட்டியில் விழுந்த இடைவெளி கண்ணை உறுத்தவே, கற்களை நெருக்கி அடுக்கினார்.

கல்லைப் பார்த்து அறிக்கை எழுதும் ஜியாலஜிஸ்ட் ஆஸியா, அதே கேம்ப்பில் வளர்ந்த பெண், பெட்டியை அளந்து பார்த்தாள்.

“ஒரு சாண் குறையுதேண்ணே?”

“நொறுங்கிப் போச்சு மேடம்,” என்றார் கூசாமல். அவள் நம்பிவிட்டாள்.

பொங்கலன்று காலை அக்கா சொர்ணம்மாள் வீட்டுக்குச் சாப்பிடப் போனார். தொட்டி வரும் இடத்துக்கு நேர் கீழே, கடைசி வரிசையில் வீடு. வாசலில் கோலமும் செம்மண் கரையும் ஜம்மென்றிருந்தன. ஆனால் வெயில் பட்ட பக்கம் கரை வெடித்து, அப்பளம் மாதிரி ஓரம் தூக்கிக்கொண்டிருந்தது.

“ஏல மாரி, எங்கன புடிச்ச இந்த மண்ண?” என்று அக்கா ஒரு கிண்ணத்தை நீட்டினாள். “மிச்சத்துல தண்ணி ஊத்தி வெச்சேன். பொங்கப்பானைக்கு முந்தி இது பொங்கிட்டு!”

பாதிக் கிண்ணம் இருந்த மண் விளிம்பைத் தாண்டி வழிந்திருந்தது. அக்கா சிரித்தாள். மாரிசெல்வம் நிமிர்ந்து குன்றைப் பார்த்தார். அங்கே நிற்கப்போகும் தொட்டிக்கு அடியிலும் இதே மண்தான். அறிக்கை நாளைக்குப் போகிறது.

கிண்ணத்தோடு இரண்டு சந்து தள்ளி இருந்த ஆஸியா வீட்டுக்கு ஓடினார். “நாந்தான் வழிச்செடுத்தேன் மேடம். பொய் சொல்லிட்டேன். கீழ எங்கக்கா குடியிருக்கா.”

ஆஸியாவின் முகம் சிவந்தது. ஏதோ திட்ட வாயெடுத்தவள் மண்ணைத் தொட்டதும் நிறுத்திக்கொண்டாள். விரலில் எடுத்துத் தேய்த்தாள். கோபம் இருந்த இடத்தில் மெதுவாக ஆசை வந்து உட்கார்ந்தது.

“யா அல்லா, என்ன அழகு! தெரியுமாண்ணே? நெருப்புக் கொழம்பு ஓடி வந்து, ஆறிக் கல்லாச்சு. அடுத்த கொழம்பு வர்றதுக்குள்ள எத்தனையோ ஆயிரம் வருஷம். அதுவரைக்கும் மழையும் வெயிலும் பட்டுக் கல்லே உளுத்து மண்ணாயிருச்சு. அப்புறம் புதுக் கொழம்பு மேல வந்து மூடி, சுட்டுச் செவக்க வெச்சிருச்சு. தண்ணி குடிச்சா உப்பும், காஞ்சா சுருங்கும். இதுக்கு மேல தொட்டிய நிறுத்தினா…”

“மழை பட்டுச்சா? அப்ப இது மேல்தரையா இருந்ததா?”

“ஆமாண்ணே. ஆறு கோடி வருஷத்துக்கு முந்தி.”

மாரிசெல்வம் குனிந்து கிண்ணத்து மண்ணை மறுபடி பார்த்தார். இத்தனை வருடமாகக் கல்லைத் துளைக்கிறார். கல் என்றால் கல், அவ்வளவுதான் என்றிருந்தார். அது உருகும், உறையும், உளுத்து மண்ணாகும், மண் மறுபடி வேகும் என்று யார் கண்டது? பூமியின் பொறுமையை நினைக்க அவருக்கு மெய் சிலிர்த்தது.

“அறிக்கைய நிறுத்தி வைக்கிறேன். நாளைக்குப் பக்கத்துலயே இன்னொரு துளை போடுங்க. அஸ்திவாரம் இந்த மண்ணுக்கும் கீழ போகணும். பெட்டியக் கழுவினீங்க, தெரியும் சேதி!”

“சத்தியமா கழுவ மாட்டேன் மேடம்.”

திரும்பி வந்தபோது சொர்ணம்மாள் வாளித் தண்ணீரோடு வாசலில் நின்றாள், வெடித்த கரையைக் கழுவிவிட. தம்பி ஓடிப்போய் வாளியைப் பிடித்தார்.

“அக்கா, வேண்டாம். ஆறு கோடி வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான் அது வெயிலப் பாக்குது. பொழுது சாயுற மட்டும் கெடக்கட்டும்.”

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கரையை மிதிக்காமல் தாண்டி உள்ளே போனாள்.