மாரியப்பன் அடித்த வானநீலம்

பாப்பிரெட்டிப்பட்டியில் அருள்ராணி வீட்டுச் சீன ஓவியத்தில் இருந்த இரண்டு மைனாக்களில் ஆண் மைனா தினமும் காலை ஏழு மணிக்கு வெளியே போகும். ராகிக் களத்தில் மேய்ந்துவிட்டு, சாயங்கால பஸ் வருவதற்குள் காகிதத்துக்குத் திரும்பிவிடும். ஓவியம் அவள் கணவன் சின்னப்பன் வாங்கியது. கப்பலில் சமையல்காரனாக இருந்தபோது சீனத் துறைமுகம் ஒன்றிலிருந்து கொண்டுவந்தான். அவன் இறந்து ஆறு வருஷம் ஆகிறது, மைனா ஒருநாளும் தவறியதில்லை. அது மேய்ந்த ராகியில் மைத்தடம் இருக்கும். கழுவினால் போய்விடும் என்பதால் களத்துக்காரர்கள் பெரிதுபடுத்தவில்லை.

சென்ற தை மாதம் ஓவியத்தின் ஓரத்தைப் பூச்சி அரிக்க, சட்டம் போடச் சொல்லி போர்டு எழுதும் மாரியப்பனிடம் கொடுத்தாள். ஒரு மாதுளைக் கிளை, அதில் பெண் மைனா, மீதி முக்கால்வாசி வெறும் காகிதம். அன்று காலையும் ஆண் மைனா மேயப் போயிருந்தது. போர்டு எழுதுகிறவன் கை சும்மா இருக்குமா? பின்னணி பூசாத பலகை அரைவேலை என்பது அவன் தொழில் வழக்கம். வரைந்தவன் பாதியில் எழுந்து போய்விட்டான் என்று நினைத்து, யாரையும் கேட்காமல், எனாமல் பெயிண்டில் வானநீலம் அடித்து, மேகமும் வைத்தான்.

சாயங்காலம் மைனா வந்தது. மூன்று முறை நீலத்தில் மோதியது. அப்புறம் அலகில் பெயிண்டோடு கடை வாசல் ஒயரில் போய் உட்கார்ந்தது. பெண் மைனா கிளையில் தனியாக இருந்தது. பஸ்ஸுக்கு நின்ற சனமெல்லாம் பார்த்தது.

"அரைவேலைன்னு நெனச்சிட்டேனுங்க" என்றான் மாரியப்பன், ஓவியத்தை வாங்க வந்த அருள்ராணியின் செருப்பைப் பார்த்து.

"அந்த வெறுங்காகிதந்தானுங்க அது வூட்டுக்கு வர்ற வழி. என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லீங்க."

திட்டியிருந்தால் தேவலை. துணியில் டர்பன்டைன் தொட்டுத் துடைத்தான். காகிதம் கிழியப் பார்த்தது, விட்டுவிட்டான். பதினோரு நாள் மைனா ஒயரிலேயே இருந்தது. பதினோரு நாளும் மாரியப்பன் பின்வாசல் வழியாகத்தான் கடைக்குப் போய்வந்தான். வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது. பன்னிரண்டாம் நாள் ஏணி வைத்து ஏறி, 'மாரியப்பன் ஆர்ட்ஸ்' என்று தன் கையாலேயே எழுதிய போர்டின்மேல் வெள்ளை அடித்தான். வேறெதுவும் எழுதாமல் இறங்கினான். காய்ந்ததும் மைனா அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

இப்போது அந்தக் கடைக்குப் பேரில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அருள்ராணி ஓவியத்தை எடுத்துவந்து போர்டுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இரண்டு மைனாக்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்கின்றன. அவளுக்குக் கை வலிக்குமே என்று சட்டத்தின் மறுமுனையை மாரியப்பன் பிடித்துக்கொள்கிறான், தலை நிமிராமல். டிரைவர்கள் ஹாரன் அடிக்காமல் பஸ்ஸை ஓரமாக ஒடித்துப் போகிறார்கள்.