சிஜுவின் ஜீப்பில் மூன்றாவது சீல்

“சோலையண்ணே, வந்து பாருங்க. உங்க சீலு மறுபடியும் அழுவுது!”

உடும்பஞ்சோலை ஜீப் ஸ்டாண்டுக்கே கேட்கும்படி கத்தினான் சிஜு. ஏலக்காய் எஸ்டேட்டுக்குப் பெண்களை வேலைக்கு ஏற்றிப்போகும் ஜீப் அவனுடையது. மெக்கானிக் சோலை தன் ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்து குனிந்தான். என்ஜினின் முன்பக்கத்திலிருந்து கறுப்பு எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது.

எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம் அந்த ஆயில் சீல். ஐந்து வாரத்தில் இரண்டு முறை அதை மாற்றிவிட்டான். இரண்டாம் முறை தேனியிலிருந்து நல்ல சீலாக வரவழைத்துப் போட்டான். அதுவும் கசிகிறது.

“வார ஞாயித்துக்கெழமைதான் கடைசி. பெறகும் ஒழுகுச்சுன்னா நெடுங்கண்டம் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோயிருவேன். கோவிச்சுக்காதீங்க. சோலைக்குக் கை போயிருச்சான்னு ஸ்டாண்டுல எல்லாரும் கேக்காங்க.”

ஸ்டாண்டின் ஒன்பது ஜீப்பையும் பழுது பார்ப்பவன் சோலை. ஒன்று போனால் மற்றவையும் போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போகிற வழியில் சிஜு ஜீப்பை விட்டுப்போனான். சோலை ரேடியேட்டரை இறக்கி, பெல்ட்டைக் கழற்றி, புல்லியை உருவினான். சீலை நெம்பி எடுத்து வெளிச்சத்தில் பார்த்தான். ரப்பர் விளிம்பு கிழியவும் இல்லை, தேயவும் இல்லை. பின் ஏன் கசிகிறது?

அப்போதுதான் ஆயில் அளவு பார்க்கும் கம்பி கண்ணில் பட்டது. துளையிலிருந்து ஒரு விரல் உயரம் எழும்பி நின்றது. உள்ளேயிருந்து காற்று தள்ளினால்தான் அப்படி எழும்பும். என்ஜினுக்குள் சேரும் புகை வெளியேறுவதற்கென்று பிரீதர் குழாய் ஒன்று உண்டு. அது அடைத்துக்கொண்டால் புகை சீலின் விளிம்பைத் தள்ளிக்கொண்டு எண்ணெயோடு வெளியே வரும்.

குழாயின் வாயில் விரலை விட்டான். துணி. இறுகச் சுருட்டிச் சொருகியிருந்தது. பிரித்தபோது உள்மடிப்பில் மட்டும் நிறம் மிச்சமிருந்தது. கத்தரிப்பூ நிறத்தில் வெள்ளைப் புள்ளி.

அவன் மனைவி மாரித்தாயின் பழைய புடவைத் துண்டு. தினமும் அந்த ஜீப்பின் முன் சீட்டில்தான் அவள் வேலைக்குப் போகிறாள்.

வீடு ஒர்க்‌ஷாப்பின் பின்னாலேயே இருந்தது. அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

“இது என்ன புள்ள?”

அவள் கை நின்றது. “பொகை வாடை கொமட்டுச்சு. அந்தக் குழாய்லருந்துதான் வருதுன்னு நீங்கதான முன்ன ஒருநா காட்டுனீக. சிஜு டீ குடிக்கப் போனப்ப சொருகிட்டேன்.”

“அஞ்சு வருசமா அதே வண்டிலதான போற. இப்ப மட்டும் என்ன கொமட்டல்?”

அவள் தலை நிமிரவில்லை. தண்ணீர் சொட்டும் இரண்டு விரலைக் காட்டினாள். மூன்றாவதைப் பாதி மடக்கினாள்.

போன தடவை ஊருக்கெல்லாம் சொன்ன மறுவாரமே கரு கலைந்துபோனது.

“மூணு மாசம் முடியட்டும்னு இருந்தேன். உங்ககிட்டச் சொல்லக்கூடப் பயமா இருந்துச்சு.” அழுகை வந்துவிட்டது. “என்னாலதான உங்க பேரு கெட்டுச்சு? சிஜுகிட்ட நானே சொல்லிருதேன்.”

“யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லாத.” அவன் கையெல்லாம் கிரீஸ். முழங்கையால் அவள் கன்னத்தைத் துடைத்தான்.

திரும்பி வந்து புதுச் சீலின் விளிம்பில் எண்ணெய் தடவி, மரக்கட்டை வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டி உட்கார வைத்தான். பிரீதர் குழாயோடு நீளமான ரப்பர் ஹோஸ் ஒன்றை மாட்டி, வண்டிக்கு அடியில் பின்பக்கம் வரை கொண்டுபோய்க் கட்டினான். இனி முன் சீட்டுக்கு வாடை வராது.

மத்தியானம் கறிப் பையோடு வந்தான் சிஜு. “என்னண்ணே, கண்டுபிடிச்சீங்களா?”

“பிரீதர்ல துணி. வண்டியக் கழுவுறப்ப தண்ணி போயிரக் கூடாதுன்னு நாந்தான் அடைச்சேன். எடுக்க மறந்துட்டேன்.”

சிஜு ஒரு கணம் விழித்தான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “மாதாவே! துணிய உள்ள வச்சுட்டா சீல் சீலா மாத்துனீங்க? இத ஸ்டாண்டுல சொல்லாம எனக்குச் சோறு எறங்காதே!”

“சொல்லிக்க.”

“இனி ஒழுகாதுல்ல?”

“ஒழுகாது.”

“அப்ப வண்டி வேலை எப்பவும் இங்கனதான். நெடுங்கண்டத்துக்காரன் இம்புட்டுச் சிரிக்க வைக்க மாட்டான்.”

திங்கட்கிழமை காலை ஜீப் நிரம்பியது. பின்னாலிருந்து, கூட வேலை பார்க்கும் முருகேஸ்வரி குரல் கொடுத்தாள். “ஏ மாரித்தாயி, ஒம் புருசன் ஒன்னய எங்கயும் வச்சு மறக்காம கரெக்டா ஏத்திவிட்டாராக்கும்?”

ஜீப்பே சிரித்தது. மாரித்தாய் சட்டென்று திரும்பி வாயைத் திறந்தாள். கீழே நின்ற சோலை வேண்டாமென்று லேசாகத் தலையை ஆட்டினான். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

ஜீப் கிளம்பியதும் சோலை அது நின்ற இடத்தில் உட்கார்ந்து தரையைத் தடவிப் பார்த்தான். காய்ந்திருந்தது. அவன் நிமிர்ந்து பார்த்தபோது, வளைவு திரும்பும்வரை அவள் தலையை வெளியே நீட்டி அவனையே பார்த்துக்கொண்டு போனாள்.