பரிசோதனைக்கு ஒரு வண்டி

எல்தோ ஐந்தரைக்கு எழுந்தான். பல் தேய்த்தான். பால் விடாத கட்டன் காப்பி போட்டுக் குடித்தான். கோழிக்கூட்டைத் திறந்துவிட்டான். ஷெட்டைப் பெருக்கினான். வண்டி இல்லாத ஷெட்டை எதற்குப் பெருக்குகிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை. மனைவி லிஜியை அடக்கம் செய்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

எட்டு மணிக்குக் கூட்டாளி ஜினு வந்தான். கையில் தட்டச்சு செய்த ஒரு தாள். காட்டுப்பன்றி குறுக்கே ஓடியது, வண்டியை ஒடித்துத் திருப்பினேன், கவிழ்ந்தது என்று எல்தோ சொல்வதாக நாலே வரி. அடிமாலிப் பக்கம் பன்றி என்றால் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. பத்து மணிக்குப் போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டுவிட்டால் முடிந்தது.

“நீ வாயத் தொறந்தா அஞ்சு வண்டியும் போச்சுடா,” என்றான் ஜினு. “போனவ திரும்பி வரப்போறதில்ல.”

எல்தோ தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

ஐந்து பேர், ஐந்து பழைய ஜிப்சி ஜீப். எல்தோவுடையது பட்டாளத்தில் ஓடி ஏலத்துக்கு வந்தது. துரு தின்ற கூடாக வாங்கி, மூன்று வருஷம் விடுமுறையெல்லாம் அதனடியில் மல்லாந்து கிடந்தான். நாலு அங்குலம் உயர்த்தினான். தொடை உயரத்துக்குச் சக்கரம் மாட்டினான். பெரிய வண்டிகள் மூச்சு முட்டி நிற்கும் ஏலக்காட்டுச் சேற்றில் அது ஆட்டுக்குட்டி மாதிரி தாவி ஏறும். பார்த்து நிற்பவர்கள் விசிலடிப்பார்கள். அலுவலகத்தில் யாரும் நிமிர்ந்து பார்க்காத குமாஸ்தா அவன். அந்த விசில் அவனுக்குத் தேவைப்பட்டது. சேலையோடு ஏற லிஜிக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் தேவைப்பட்டது. பொண்டாட்டிக்கு ஏணி வாங்கிக் கொடு என்று கூட்டாளிகள் சிரிப்பார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான்.

பதிவைப் புதுப்பிக்க ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வண்டியை பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்ட வேண்டும். உயர்த்திய வண்டி தேறாது. அதற்காக ஐந்து பேருக்கும் பொதுவாக, கம்பெனியில் வந்த டயர், ஸ்பிரிங் பட்டை, பிரேக் குழாய் எல்லாம் ஒரு செட் வைத்திருந்தார்கள். யார் முறை வருகிறதோ அவர் வீட்டுக்கு அது போகும். மாட்டி, காட்டி, கையெழுத்து வாங்கி, அன்றே கழற்றிவிடுவார்கள்.

எல்தோவின் வண்டி வியாழக்கிழமை தேறியது. வெள்ளிக்கிழமை ஜினுவும் அவனும் உயரப் பட்டைகளைத் திரும்ப மாட்டினார்கள். உயரத்துக்கு ஏற்ற நீளமான பிரேக் குழாயைக் காணவில்லை. ஞாயிறு சேற்றுப் பந்தயத்துக்குள் தேடி மாற்றிக்கொள்ளலாம் என்று குட்டைக் குழாயையே விட்டுவிட்டார்கள். லிஜி வாசற்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை காலை அவளைத் தாய்வீட்டில் விடக் கிளம்பினான். இறக்கத்தில் முன்சக்கரம் பள்ளத்தில் தொங்கி இறங்கியது. குட்டைக் குழாய் இழுபட்டு அறுந்தது. வளைவில் அவன் மிதித்த பிரேக் தரை வரை போனது.

ஸ்டேஷன் வாசல் பெஞ்சில் லிஜியின் தம்பி உட்கார்ந்திருந்தான். எல்தோவைப் பார்க்காமலே பேசினான்.

“உள்ள போய் என்ன வேணா எழுதிக்குடு. எங்கம்மாகிட்ட வந்து அந்தப் பன்னிக் கதையச் சொன்னேன்னா, நான் சும்மா இருக்கமாட்டேன்.”

எல்தோ உள்ளே போனான். எஸ்.ஐ. சுபைதா தாளை வாங்கிப் படித்தாள். பன்றி எந்தப் பக்கமிருந்து வந்தது என்று கேட்டாள். அவனால் இடம் என்றோ வலம் என்றோ சொல்ல முடியவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஜினு தலையை ஆட்டி ஏதோ சைகை காட்டினான்.

“பன்னி வரல மேடம்,” என்றான் எல்தோ. டயர் செட்டைப் பற்றிச் சொன்னான். குழாயைப் பற்றிச் சொன்னான். யார் யாரிடம் அப்படி வண்டி இருக்கிறது என்பதையும் சொன்னான். வழக்கு வரும், வேலை போகலாம் என்றாள் சுபைதா. தெரியும் என்றான்.

“பிரேக் இன்ஸ்பெக்டர ஏமாத்துறோம்னு நெனச்சோம். ஏமாந்தது பக்கத்துல உக்காந்தவ.”

சுபைதா எழுதிக்கொண்டாள். கடைசியாக உங்கள் மனைவி ஏதாவது பேசினாரா என்று கேட்டாள்.

கர்த்தரைக் கூப்பிட்டபடி போய்ச் சேர்ந்தாள் என்று அடக்கத்தின்போது பாதிரியார் சொன்னார். பார்த்துப் போங்க என்று அலறினாள் என்று ஊர் சொன்னது. அவனிடம் யாரும் கேட்டதில்லை.

“வண்டில ஏறும்போது ஒண்ணு சொன்னா. வாய மூடிட்டு ஏறுன்னேன். அப்புறம் இருபது நிமிஷம் அவ பேசவே இல்ல.”

“என்ன சொன்னாங்க?”

“‘அந்த ஆபீசர் ஒருநாளும் இதுல ஏறப்போறதில்ல, ஏறப்போறது நான். அவருக்குக் காட்டுன வண்டிலயே என்னையும் கூட்டிட்டுப் போனா என்ன?’”