குண்டூசி நட்சத்திரம்

கோளரங்கத்தில் அவளை விடியலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். டிக்கெட் கொடுப்பவர் வைத்த பெயர். ஒரு நாளைக்கு நாலு காட்சி. ஒவ்வொன்றும் முடியும்போது குமிழைத் திருகிக் கூரையின் கிழக்கு ஓரத்தை வெளுக்க வைப்பது அவள் வேலை. தினமும் நாலு தடவை பொழுது விடிகிறது, புகுந்த வீட்டில்தான் எனக்கு ஒரு தடவைகூட விடியவில்லை என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அவளிடம் ஒரு ரகசியம் இருந்தது. அரங்கின் நடுவில் நிற்கும் புரொஜெக்டருக்குள் காகிதம் போல மெல்லிய செப்புத் தகடுகள் உண்டு. அவற்றிலுள்ள பொடித் துளைகள் வழியாக வெளிச்சம் போய்க் கூரையில் நட்சத்திரங்களாக விழும். ஆயிரக்கணக்கான துளைகளில் ஒன்று மட்டும் கம்பெனி போட்டதல்ல, அவள் போட்டது.

பதினாறு வருஷத்துக்கு முன்னால் நாத்தனார் வீட்டில் குடும்பப் படம் எடுத்தார்கள். நீதான் மெஷின் வேலை பார்க்கிறவளாயிற்றே என்று மாமியார் கேமராவை மூத்த மருமகளான அவள் கையில் திணித்துவிட்டாள். இருபத்துமூன்று பேர் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். சும்மா எட்டிப் பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரர்கூட ஓரத்தில் இருந்தார். அவள்தான் இல்லை. அதைப் பெரிதாக்கிப் புகுந்த வீட்டுக் கூடத்தில் வேறு மாட்டினார்கள்.

மறுநாள் தகடு துடைக்கும்போது ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மேஜையில் கிடந்த குண்டூசியை எடுத்தாள். சப்தரிஷி மண்டலத்துக்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லாத இடமாகப் பார்த்து ஒரே குத்து. அன்றைய காட்சியில் அங்கே பொடிசாக ஒன்று மின்னியது. வீட்டில் இல்லாவிட்டால் போகட்டும், இங்கே இருந்துகொள்கிறேன் என்று அதற்கு ஒரு தலையாட்டல். அதுவே பழக்கமாகிவிட்டது.

பதினாறு வருஷமாக ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. வாத்தியார்கள் வந்தார்கள், ஜோடிகள் வந்தார்கள் (அவர்கள் மேலே பார்த்ததே இல்லை). பிறகு ஒரு காலையில் புரொஜெக்டரைச் சோதிக்க ஓர் ஆய்வாளர் வந்தாள். முப்பது வயதிருக்கும், வாயில் எந்நேரமும் ஒரு பெப்பர்மின்ட், கையில் மேஜையளவு நட்சத்திர வரைபடம். தகட்டில் தப்பான துளை இருந்தால் கறுப்புப் பூச்சு வைத்து அடைத்துவிடுவாளாம். வேலை போனால்கூட வேறு வேலை தேடிக்கொள்ளலாம். உலகத்தில் விடியலக்காவுக்கென்று இருந்த ஒரே இடம் அந்தத் துளை.

ஆய்வாளர் தெற்கிலிருந்து தொடங்கி ஒவ்வொரு பகுதியாகச் சரிபார்த்துக்கொண்டே வந்தாள். சப்தரிஷி பக்கம் திரும்பியதும் விடியலக்கா குமிழைத் திருகினாள். வானம் வெளுத்தது. கை பட்டுவிட்டது மேடம் என்று அசடு வழிந்தாள். மறுபடி இருட்டு, மறுபடி சப்தரிஷி, மறுபடி விடியல். இந்த முறை குமிழ் மேல் பழி போட்டாள். அடுத்த முறை தும்மல் மேல்.

ஆய்வாளர் பெப்பர்மின்டை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினாள்.

"மணி பத்தரைகூட ஆகல. அதுக்குள்ள மூணு தடவை விடிஞ்சிருச்சு. அங்க என்னக்கா இருக்கு?"

குட்டு உடைந்தது. குண்டூசி, குடும்பப் படம், பக்கத்து வீட்டுக்காரர் என்று எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். திட்டு விழும் என்று காத்திருந்தாள். ஆய்வாளரோ மடிக்கணினியைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினாள். கறுப்புத் துணியில் பல நிறப் பொடியைத் தூவியது மாதிரி இருந்தது. பூமிக்கு வெளியே சுற்றும் பெரிய தொலைநோக்கி எடுத்ததாம். அதுவும் சப்தரிஷி பக்கத்தில், ஏறக்குறைய ஒன்றுமே இல்லாத ஓர் இடத்தில்.

"கைய நீட்டி ஒரு குண்டூசியப் பிடிச்சா, அதோட முனை மறைக்குமே, அவ்வளவு இடம்தான். பத்து நாள் அதையே பாத்துச்சு. இதெல்லாம் நட்சத்திரம் இல்லக்கா, நம்ம பால்வீதி மாதிரி தனித்தனி நட்சத்திரக் கூட்டங்க. கிட்டத்தட்ட மூவாயிரம். வேற எந்த இடத்தைப் பாத்தாலும் இப்படித்தான் இருக்கும்."

விடியலக்கா திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள். உடம்பு சிலிர்த்தது. எந்த வழிபாட்டிலும் மனம் ஒட்டாமல் கை கூப்பிப் பழகியவள் இப்போது தன்னை அறியாமல் கூப்பினாள். இத்தனை பெரிதில் தான் ஒன்றுமே இல்லை என்று தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. இதில் யாரையும் விட்டுவிட்டுப் படம் எடுக்கவே முடியாது என்றுதான் தோன்றியது.

"அப்ப நான் குத்தினது பொய் இல்லையா மேடம்?"

"பொய் இல்ல. கஞ்சத்தனம்."

ஆனாலும் சட்டம் சட்டம்தான். ஆய்வாளர் கறுப்புப் பூச்சையும் தூரிகையையும் அவள் கையிலேயே கொடுத்தாள். விடியலக்கா துளையின் மேல் ஒரு பொட்டு வைத்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள், சிரிப்புதான் வந்தது.

அடுத்த மாதம் கொழுந்தனின் புது வீட்டில் மறுபடியும் குடும்பப் படம். மறுபடியும் கேமரா அவள் கைக்கே வந்தது. முனகாமல் வாங்கிக்கொண்டாள். மாமியாரை இந்தப் பக்கம், கணவனை அந்தப் பக்கம் என்று நகர்த்தி, நட்டநடுவில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டாள். எதற்கு என்று நாத்தனார் கேட்டாள். வெளிச்சத்துக்கு அப்படித்தான் வேண்டும் என்றாள். மெஷின் வேலை பார்க்கிறவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் நகர்ந்துகொண்டார்கள்.

அந்தப் படமும் பெரிதாகிக் கூடத்துக்கு வந்தது. வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, நடுவில் யாருக்கு இடம் விட்டிருக்கிறது என்பதைத்தான். முதலில் கேட்டவர்களுக்கு மாமியார் அரைகுறையாக எதையோ சொல்லி மழுப்பினாள். ஆறாவதாக வந்தவர் விடாப்பிடியாகக் கேட்டபோது விடியலக்கா சமையலறையில் தட்டைத் துடைத்துக்கொண்டே காதைத் தீட்டிக்கொண்டாள்.

"அதுவா," என்றாள் மாமியார். "அது எங்க மூத்த மருமக இடம்."